நாயும் பூனையும் ஒரே கூரையின் கீழ்

உடன்பிறந்தவர் இருவர் ஓயாமல் சச்சரவிட்டுக்கொண்டிருந்தால், "ஏன் இப்படி நாயும் பூனையுமாக நிற்கிறீர்கள்?" என்று பெரியவர்கள் கடிந்துகொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்விரண்டும் பிறவிப் பகையாளிகள் என்னும் எண்ணம் நம் பேச்சிலேயே ஊறிப்போயிருக்கிறது. அஃது உண்மைதானா? பூனை வாழும் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தால் இரண்டும் ஒற்றுமையாக இருக்க முடியுமா? முடியும் என்றால் அதற்கு நாம் செய்ய வேண்டியது என்ன? இன்றைய பேச்சில் இவற்றைக் காண்போம்.

இக்கேள்வி இக்காலத்தில் நம்மில் பலருக்கு எழக்கூடியதே. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் அனுமதி இல்லாதிருந்தது. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி முதல், ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று விதி மாறியது. அவற்றோடு, அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த நாய் ஒன்றையும் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, பூனை இருக்கும் வீட்டில் ஒரு நாயும் வளரட்டுமே என்று எண்ணுவோர் பெருகுவதில் வியப்பில்லை. தோட்டமும் கொல்லையும் உள்ள வீடானால் பூனை தன் போக்கில் விலகிப் போய்விடும். நான்கு சுவருக்குள் அமைந்த மாடி வீட்டில் விலகிப் போக இடமேது? அதனால்தான் நம் பொறுப்பு கூடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். எங்களிடம் இரண்டு பூனைகள் இருந்தன. மூத்தது மணி, ஒன்பது வயது. இளையது சின்னி, மூன்று வயது. காப்பகம் ஒன்றிலிருந்து ராஜா என்னும் நாயை எடுத்து வளர்க்க முடிவு செய்தோம். அதற்கு முன்பே ஒரு குடும்பத்தார் அதை அழைத்துச் சென்று, ஒத்துவரவில்லை என்று இரண்டே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மீண்டும் ஒரு முறை அப்படி நேர்ந்தால் அதை ஏற்க ஆள் கிடைப்பது அரிது என்று காப்பகத்தார் சொன்னார்கள். "எங்கள் வீட்டில் அப்படி நேராது" என்று வாக்களித்து அழைத்து வந்தோம்.

ஆர்வம் இருந்த அளவுக்கு எங்களிடம் அறிவு இருக்கவில்லை. வாசலில் நுழைந்ததுமே மணியைத் தூக்கி, "பார், உன் புதிய தம்பி!" என்று நாயின் முகத்துக்கு நேரே காட்டினோம். கண்ணிமைக்கும் நேரத்தில் எங்கள் கையில் நான்கு கீறல்கள், நாயின் மூக்கில் ஒன்று. மணி கட்டிலுக்கடியில் பாய்ந்தது. ராஜா குரைத்துக்கொண்டே பின்னால் ஓடியது. அன்று முழுவதும் மணி வெளியே வரவில்லை, உணவையும் தொடவில்லை. முதல் கோணல் முற்றும் கோணல் ஆகிவிடுமோ என்று அஞ்சி, மறுநாள் காலையில் கால்நடை மருத்துவரை நாடினோம். அவர் சொல்லித் தந்ததையும் பின்னர் நாங்கள் படித்தும் பட்டும் அறிந்ததையுமே இங்கே உங்களுக்குக் கூறுகிறோம்.

பகைக்குக் காரணம் என்ன? நாய், ஓநாய் வழிவந்தது. கூட்டமாகச் சென்று, ஓடும் இரையைத் துரத்திப் பிடிப்பது அதன் மூதாதையரின் வழக்கம். நம் வீட்டுப் பூனையோ ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழிவந்தது. அது தனித்து வேட்டையாடும். அதே வேளையில் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்குத் தானே இரையாகவும் கூடும். ஆதலால் ஆபத்து என்றால் ஓடுவதும் உயரத்தில் ஏறுவதுமே அதன் தற்காப்பு. புதிய நாய், "யார் இது?" என்னும் ஆவலோடு நேரே வருகிறது. பூனை அதைத் தாக்குதலாக எண்ணி ஓடுகிறது. ஓடுவதைக் கண்டதும் நாய் துரத்துகிறது. துரத்துவதைக் கண்டு பூனை மேலும் அஞ்சுகிறது. இந்தச் சக்கரம் ஒரு முறை சுழலத் தொடங்கிவிட்டால் நிறுத்துவது கடினம். அதைத் தொடங்கவே விடாமல் காப்பதுதான் நம் முழு வேலையும் ஆகும்.

இரண்டின் உடல்மொழியும் வெவ்வேறு. நாய் வாலைத் தளர்வாக வீசி ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலை இப்படியும் அப்படியும் அடித்தால் எரிச்சல். பூனை வாலைச் செங்குத்தாகத் தூக்கி வந்தால் நட்பு. நாய் வாலை விறைப்பாகத் தூக்கி நின்றால் எச்சரிக்கை. நாய் மல்லாந்து படுத்தால் பணிவு. நெருக்கப்பட்ட பூனை மல்லாந்தால், நான்கு கால் நகங்களையும் ஆயுதமாக்கிக்கொண்டது என்று பொருள். மொழி தெரியாத இருவர் ஒரே அறையில் குடியேறினாற்போன்ற நிலை இது. எனினும் மொழியைக் கற்றுக்கொள்ள முடியும். 2008ஆம் ஆண்டில் டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவை ஒன்றன் குறிப்பை மற்றொன்று புரிந்துகொள்ளப் பழகிவிடுகின்றன என்பதும், பூனை முதலில் வந்து நாய் பிறகு வந்த வீடுகளில் உறவு சிறப்பாக அமைவதும், இளம் வயதில் சந்தித்தால் இணக்கம் எளிது என்பதும் அதில் தெரியவந்தன. 2018ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. இவற்றின் உறவு நல்லபடி அமைவது, நாயின் மனநிலையைவிடப் பூனையின் மனநிலையையே பெரிதும் பொறுத்திருக்கிறது. ஆகவே, எவ்வளவு விரைவாகச் செல்வது என்பதைப் பூனையே முடிவு செய்ய வேண்டும். நாமும் அல்ல, நாயும் அல்ல.

இனிச் செயல்முறைக்கு வருவோம்.

முதற்படி, நாய் வருமுன்பே செய்ய வேண்டியது. பூனைக்கென்று ஓர் அறையை ஒதுக்குங்கள். தண்ணீர், உணவு, மணல் தட்டு, படுக்கை யாவும் அங்கே இருக்கட்டும். மற்ற அறைகளிலும் நாய்க்கு எட்டாத உயரத்தில் பூனை ஏறி அமர இடம் வேண்டும். அலமாரியின் மேற்புறத்தைக் காலி செய்து ஒரு துண்டை விரித்தாலே போதும். அஞ்சிய பூனை எங்கும் பாயும். ஆதலால் மாடி வீட்டில் சன்னல்களுக்கு வலையடிப்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாம் படி, வாசனை. கண்ணால் காணுமுன் மூக்கால் அறிமுகமாக வேண்டும். நாயை அழைத்து வந்த பின், முதல் சில நாள்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது. பூனையின் கன்னத்தில் ஒரு துணியைத் தடவி நாயின் படுக்கையருகே போடுங்கள். நாயைத் துடைத்த துணியைப் பூனையின் அறையில் வையுங்கள். பிறகு, மூடிய கதவின் இருபுறமும் இரண்டுக்கும் உணவு கொடுங்கள். முதலில் கதவிலிருந்து தள்ளியும், நாள் செல்லச் செல்ல நெருக்கமாகவும் தட்டை வைக்கலாம். அந்த வாசனை வரும்போதெல்லாம் நல்ல உணவும் வருகிறது என்று இரண்டும் கற்றுக்கொள்ளும்.

மூன்றாம் படி, பார்வை. கைக்குழந்தைகளுக்காக வாசலில் பொருத்தும் தடுப்புக் கதவு இதற்கு மிகவும் உதவும். நாயை வெளியே நடத்திக் களைப்பாக்கிய பிறகு, வாரில் பிடித்தபடி தடுப்புக்கு இப்பால் உட்கார வையுங்கள். பூனை தானாக வந்து பார்க்கட்டும், தூக்கி வராதீர்கள். நாய் பூனையைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள். நான்கைந்து நிமிடம் போதும். இரண்டும் அமைதியாக இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி, ஒரே அறையில் சந்திப்பு. நாய் வாரில் இருக்க, பூனை கட்டின்றி இருக்க வேண்டும். வெளியேறும் வழி திறந்தே இருக்கட்டும். பூனை சீறினால் அதைத் திட்டக்கூடாது. "தள்ளி நில்" என்று அது தன் மொழியில் சொல்கிறது, அவ்வளவே. நாயையும் அடிக்கக்கூடாது. பூனை வந்தாலே அடி விழுகிறது என்று நாய் எண்ணிவிட்டால், நாமே பகையை வளர்த்தவர்கள் ஆவோம். பல வாரங்கள் இவ்வாறு அமைதியாகக் கழிந்த பின்னரே வாரை அவிழ்க்கலாம். அப்போதும் நாம் வெளியே செல்லும் வேளைகளில் இரண்டையும் தனித்தனி அறைகளில் விட்டுச் செல்வதே நல்லது.

நாய் உடல் விறைத்து, கண் இமைக்காமல் பூனையையே நோக்கி, அழைத்தாலும் உணவு காட்டினாலும் திரும்பாமல் நிற்கிறதா? அது விளையாட்டன்று, வேட்டைப் பார்வை. உடனே அப்பால் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த நாள் ஒரு படி பின்வாங்குங்கள். சில நாய்களுக்கு வேட்டை உணர்வு மிகுதி. எத்தனை வாரம் பழக்கினாலும் அது மாறாமல் போகலாம். பூனையின் உயிரைப் பணயம் வைத்துச் சோதித்துப் பார்ப்பது முறையன்று. பயிற்சியாளரின் துணையை நாடுவதும், பயனில்லாவிடில் பூனை இல்லாத வேறொரு நல்ல வீட்டைத் தேடித் தருவதும் தோல்வி ஆகா.

வீட்டில் இரண்டும் சேர்ந்துவிட்ட பிறகும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பூனையின் உணவை நாயும், நாயின் உணவைப் பூனையும் தின்ன விடாதீர்கள். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் டாரின் என்னும் சத்து இன்றியமையாதது. நாய்க்கென்று செய்த உணவை மட்டும் நெடுநாள் தின்னும் பூனைக்கு அது போதாமற்போகலாம். பூனையின் உணவை உயரத்தில் வைப்பது எளிய வழி. மணல் தட்டையும் நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். தட்டில் இருக்கும்போது ஒரு முறை திடுக்கிட்ட பூனை, பிறகு அப்பக்கமே போகாமல் வீட்டின் மூலைகளை நாடக்கூடும்.

எல்லாவற்றிலும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. நாயின் உண்ணி, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றை ஒழிக்கக் கழுத்தில் இடும் சொட்டுமருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் இருக்கிறது. நாய்க்கு ஒத்துக்கொள்ளும் அம்மருந்து பூனைக்கு நஞ்சு. மருந்து இட்ட நாயோடு உரசிப் படுத்தாலே பூனைக்கு வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் சொல்லி, ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூனை ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தால் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். பட்டினி நீடித்தால் அதன் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை அடிக்கடி தட்டுக்குச் சென்று முக்கியும் சிறுநீர் வராவிட்டால், நள்ளிரவானாலும் காத்திராமல் கொண்டு செல்ல வேண்டும். மன அழுத்தம் இவ்வகை நோய்களைத் தூண்டக்கூடும். இவற்றை முன்பே அறிந்திருந்தால், முதல் நாளில் நாங்கள் அவ்வாறு விளையாடியிருக்க மாட்டோம்.

எங்கள் வீட்டுக் கதையை முடிக்கவில்லை அல்லவா? மருத்துவரின் சொற்படி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். மூடிய கதவுக்கு இருபுறமும் உணவு வைத்தே மூன்று வாரம் ஓடியது. சின்னி இரண்டு மாதத்தில் ராஜாவின் வாலோடு விளையாடத் தொடங்கியது. மணிக்கோ ஐந்து மாதம் ஆயிற்று. இன்றும் அவ்விரண்டும் கட்டிப்பிடித்து உறங்கும் நண்பர்கள் அல்ல. ராஜா தரையில் படுத்திருக்கும். மணி நாற்காலியில் அமர்ந்து அதைப் பாராததுபோல் பார்த்துக்கொண்டிருக்கும். அது போதும். ஒன்றுக்கொன்று அஞ்சாமல் ஒரே அறையில் கண்ணயர முடிந்தால் அதுவே இணக்கம். ராஜா திரும்பிப் போகவில்லை. காப்பகத்தாருக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினோம்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நாயையும் பூனையையும் சேர்த்து வைக்க விரும்புவோர் அப்பழமொழியை நினைவில் கொண்டால் போதும், நேயர்களே.