தக்காளியைக் காத்த மூன்று மாத இடைவெளி

கரீபியத் தீவு நாடான டொமினிக்கன் குடியரசின் தக்காளித் தோட்டங்களை 1990களின் தொடக்கத்தில் புதியதொரு நோய் தாக்கியது. இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. செடிகள் குட்டையாகி, பூக்கள் உதிர்ந்தன. தக்காளி விழுது ஆலைகளும், அவற்றை நம்பிப் பயிரிட்ட விவசாயிகளும் கடும் நட்டமடைந்தனர்.

மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதியிலிருந்து நாற்றுகள் வழியாக வந்ததாகக் கருதப்படும் மஞ்சள் இலைச்சுருள் வைரஸே இதற்குக் காரணம். நோயுற்ற செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈ, பல நாட்களுக்கு வைரஸைச் சுமந்து சென்று பிற செடிகளுக்குப் பரப்புகிறது. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. பூச்சிமருந்து மட்டும் போதிய பலன் தரவுமில்லை.

பாசன நீர் இருந்தால் தக்காளியைத் தொடர்ந்து பயிரிடலாம். ஆனால், பழைய பயிரிலிருந்து புதிய பயிருக்கு வைரஸ் தடையின்றித் தாவுவதற்கும் அதுவே வழிவகுக்கிறது.

இந்தத் தொடரை அறுக்க, 1990களின் நடுப்பகுதியில் அந்நாட்டு அரசு ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. தக்காளி மட்டுமன்றி, வெள்ளை ஈக்கள் பெருகும் கத்தரி, பீன்ஸ், பூசணி வகைகளையும் ஆண்டுதோறும் மூன்று மாதங்களுக்குப் பயிரிடக் கூடாது என்பதே அது. இடைவெளிக்குப் பின் ஈக்களைப் பரிசோதித்தபோது, அவற்றில் வைரஸ் வெகுவாகக் குறைந்திருந்தது. விரைவில் விளையும் ரகங்களும், பின்னர் வந்த எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களும் துணைநிற்க, உற்பத்தி மீண்டது.

எனினும், பருவம் முடிவதற்குள் வைரஸ் மீண்டும் பெருகிவிடுவதால், இடைவெளி ஆண்டுதோறும் தேவைப்படுகிறது. நீரும் நிலமும் இருந்தும் அந்தப் பயிர்களைக் கைவிடுவது விவசாயிக்கு வருமான இழப்பே. ஆனால் சிலர் மட்டும் விதியை மீறினாலும், மற்றவர்களின் தியாகம் வீணாகிவிடக் கூடும்.