வந்ததுதான் வந்தோம்!

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகலிலே குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. காலையில் ஒரு கைப்பையுடன் கரையேறியவர்கள், மாலையில் இரு கை கொள்ளாத மூட்டைகளுடன் திரும்புவார்கள். துணிக்கடைப் பைகள், பிளாஸ்ரிக் கதிரைகள், ஒரு மின்விசிறி, பிள்ளையின் சப்பாத்துப் பெட்டி; இவற்றையெல்லாம் நனையாமல் படகில் ஏற்றுவதே பெரும்பாடு. நெடுந்தீவுக்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல் இருக்கிறது. கரை மறையத் தொடங்கும்போதுதான் குடும்பத்தலைவி கைப்பையைத் திறந்து மிச்சக் காசை எண்ணுகிறாள். எண்ணி முடிக்க அதிக நேரம் வேண்டியதில்லை.

தீவக மக்கள் ஊதாரிகள் என்று எவரும் சொல்லார். மாரிக்கு முன்னரே ஒடியலையும் புழுக்கொடியலையும் கருவாட்டையும் சேமித்து வைத்துப் பழகிய வீடுகள் அவை. அப்படியிருக்க, பண்டிகைக்கால மலிவு விற்பனையில் மட்டும் கை நீளுவானேன்? அதற்குரிய காரணம் பாதி கடையிலும் பாதி கடலிலும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வருவதென்றால் விடியற்காலையில் எழவேண்டும். படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ்ஸிலே சென்று, பண்ணைப் பாலத்தையும் கடந்தால்தான் கடைத்தெருவைக் காணலாம். வழிச்செலவு ஒருபுறம், ஒரு நாள் தொழிலும் போயிற்று. இத்தனை பாடுபட்டு வந்தபின் மனம் என்ன சொல்லும்? “வந்ததுதான் வந்தோம், இதையும் எடுத்துக்கொண்டு போவோம்” என்றுதான் சொல்லும். வாசலிலே ‘நூற்றுக்கு 20 வீதம் கழிவு’ என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால் கேட்கவும் வேண்டுமா?

அச்சொல்லை முழுவதும் பிழையென்று தள்ளிவிட முடியாது. சீனி, பருப்பு, சவர்க்காரம், பிள்ளைகளின் கொப்பிகள் ஆகியவற்றை ஒரே பயணத்தில் கூடுதலாக வாங்கிவைப்பது புத்திசாலித்தனமே. இன்னொரு படகுப் பயணம் மிச்சமாகிறது. ஆனால் மூன்றாவது சேலைக்கு அந்த நியாயம் பொருந்துமா? படகுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்த காசு கொடுத்ததுதான். சேலை வாங்கினாலும் அது திரும்பி வராது, வாங்காவிட்டாலும் வராது.

கழிவின் இரகசியத்தைத் தீவகத்தாருக்கு வேறொருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு முதலிய ஊர்களிலிருந்து சென்று கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திய குடும்பங்கள் எத்தனையோ! பண்டிகை கழிந்தபின் அலுமாரியில் தங்கிய துணி முடங்கிய முதல் என்பதை அவர்கள் நன்கறிவர். அம்முதலை விடுவிக்க வியாபாரி விலையைக் குறைக்கிறார். அது அவருக்கு நியாயமான தொழில். ஆயினும், குறுக்கே கோடிட்டுக் காட்டப்படும் ‘பழைய விலை’ உண்மையிலேயே பழைய விலைதானா என்பதைச் சென்ற மாதம் விலை கேட்டுவைத்தவரே சொல்லமுடியும்.

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். 15,000 ரூபாய் விலையிட்ட உடுப்புகள் ஒரு வீட்டுக்குத் தேவை. 20 வீதக் கழிவு போக விலை 12,000. அத்தொகை கையில் இருக்கிறது. கழிவைக் கண்டதும் 25,000 ரூபாய்க்குரியதை எடுத்து, 20,000 கொடுக்கிறார்கள். குறைந்த 8,000 ரூபாய்க்கு ஒரு நகை அடைவுக்குப் போகிறது. ஆண்டுக்கு 18 வீத வட்டியென்று வைத்துக்கொண்டால், ஓராண்டு கழித்து மீட்கும்போது வட்டி மட்டும் 1,440 ரூபாய். கடைப் பற்றுச்சீட்டோ ‘நீங்கள் மிச்சப்படுத்தியது 5,000’ என்கிறது. வீட்டிலிருந்து திட்டத்துக்கு மேலாகப் போனதோ 9,440!

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. தீபாவளி வருவது ஐப்பசி மாதத்தை ஒட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் பொறுத்தவரை நெல் மழையை நம்பிய ஒரு போகமே. கையிலிருந்த பணம் விதையாகவும் கூலியாகவும் வயலிலே கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் தொழிலும் இல்லை, சில வேளைகளில் படகும் இல்லை. அடுத்து ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் நத்தார், அதன்பின் பொங்கல். ஐப்பசியில் பட்ட கடனை அடைக்க அறுவடையைத்தான் பார்த்திருக்கவேண்டும். புயலொன்று இடையிலே வந்துவிட்டால் அதுவும் இல்லை.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய் ஆயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரப் படகை நம்பிய குடும்பங்களுக்கு அது இடிவிழுந்தாற்போலாயிற்று. கழுத்திலோ காதிலோ ஒரு துண்டுப் பொன் மிஞ்சியிருந்த வீட்டில் அதை வைத்துப் படகை இறக்கினார்கள். முன்னரே பண்டிகைக்காக அதை அடைவு வைத்திருந்தவர்கள் கரையில் நின்றார்கள். நகை பெண்ணுக்கு அலங்காரம் மட்டுமென்று நினைக்கும் ஆண்மக்கள் இதைச் சற்றே சிந்திக்கவேண்டும்.

எனக்குத் தெரிந்த நயினாதீவுக் குடும்பமொன்றின் வழக்கம் எனக்குப் பெரிதும் பிடித்தது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவே விளக்கடியில் இருந்து பட்டியல் எழுதுகிறார்கள். எழுதுவது தாய், கணக்குப்பிள்ளை எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள். உடுப்புக்கு ஓர் உறை, பலகாரச் சாமானுக்கு ஓர் உறை, திரும்பும் வழிச்செலவுக்குத் தனியாக ஓர் உறை. கைக்கு வந்த சீட்டுக்காசு வேறோர் உறையிலே போய் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஓர் உறையில் குறைந்தால் இன்னொன்றிலிருந்து எடுக்கலாகாது என்பது சட்டம். பட்டியலில் இல்லாத பொருளில் ஆசை விழுந்தால், அதன் விலையை மகள் ஒரு துண்டில் குறித்துக்கொள்கிறாள்; அடுத்த பயணத்திலும் அந்த ஆசை இருந்தால் வாங்கலாம்.

பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குகிறார்கள். கேட்பவருக்கு அதைக் கொடுக்கவேண்டியது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி வியாபாரியின் கடமை. தீவில் உள்ளவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். தையல் விட்ட சட்டையை மாற்ற இன்னொரு நாளும் இன்னொரு படகுக் கூலியும் வேண்டுமே! ஆகவே சட்டையை விரித்து, பொத்தானை எண்ணி, மின்விசிறியைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் தெருவுக்கு இறங்குகிறார்கள்.

சென்ற முறை திரும்பி வரும்போது அந்தச் சிறுமி படகிலிருந்தே துண்டை எடுத்து வாசித்தாள். ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு சோடி வளையல், தம்பி அழுத விளையாட்டுக் கார். கடிகாரத்தைக் கேட்டதும் தகப்பனார் சிரித்துவிட்டார். வீட்டில் ஓடாத கடிகாரம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம். அதற்கு வேண்டியது ஒரு பற்றரி மட்டுந்தானாம்.