சிஎஃப்ஏ தேர்வு எழுதப் போறீங்களா? கால்குலேட்டர் வாங்கும் முன் இதைப் படிங்க!

மாதக்கணக்கில் படித்து, பெரிய தொகையைக் கட்டணமாகக் கட்டி, தேர்வு மையம் வரை போன பிறகு 'இந்தக் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை' என்று சொன்னால் எப்படி இருக்கும்? நிதித்துறையில் உலக அளவில் மதிப்புள்ள சிஎஃப்ஏ தேர்வில் இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது.

அனுமதி எதற்கு?

இரண்டே இரண்டு வகைகளுக்குத்தான்.

* டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 'பிஏ டூ பிளஸ்'. இதன் 'புரொஃபஷனல்' மாடலும் ஓகே.

* ஹெச்பி நிறுவனத்தின் '12சி'. இதன் 'பிளாட்டினம்' உள்ளிட்ட பதிப்புகளும் இதில் அடங்கும்.

கல்லூரியில் பயன்படுத்திய சயின்டிஃபிக் கால்குலேட்டர், செல்போன் ஆப் எதற்கும் இடமில்லை. மையத்தில் யாரும் கவனிக்காமல் விட்டுவிட்டாலும், அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. பின்னர் தெரிய வந்தால் தேர்வு முடிவே ரத்தாகலாம்.

'எல்லா தேர்வுக்கும் ஒண்ணு போதுமே?'

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். ரிஸ்க் மேனேஜ்மென்ட் துறைக்கான எஃப்ஆர்எம் தேர்வில் 'ஹெச்பி 10பி டூ பிளஸ்' மாடலுக்கு அனுமதி உண்டு. ஆனால், அதே மாடல் சிஎஃப்ஏ தேர்வில் செல்லாது.

சிஏ தேர்வுக்கு விதியே வேறு. அங்கு 6 செயல்பாடுகள், 12 இலக்கங்கள், 2 மெமரி வரை உள்ள சாதாரண பேட்டரி கால்குலேட்டர்தான். சிஏ முடித்துவிட்டு சிஎஃப்ஏ பக்கம் வருபவர்கள் புதிதாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டில் எதை வாங்கலாம்?

'பிஏ டூ பிளஸ்' நாம் வழக்கமாகக் கணக்குப் போடும் முறையிலேயே இயங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது எளிது. 1981-ல் அறிமுகமான 'ஹெச்பி 12சி' அப்படியில்லை. 2-ஐயும் 3-ஐயும் கூட்ட, முதலில் 2, என்டர், 3 என அழுத்தி, கடைசியாகத்தான் கூட்டல் குறியை அழுத்த வேண்டும். பழகியவர்களுக்கு வேகம் கிடைக்கும், பழகாதவர்களுக்குத் தலை சுற்றும்.

'புரொஃபஷனல்' மாடலில் திட்டச் செலவு எத்தனை ஆண்டில் திரும்பும் என்பது போன்ற சில கூடுதல் வசதிகள் உண்டு. பட்ஜெட் இடித்தால் சாதாரண மாடலே போதும்.

செட்டிங்ஸ்... இதில்தான் மார்க் போகும்!

சரியான மாடல் கையில் இருந்தும் விடை தப்பாக வரலாம். உதாரணமாக, 1 லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால் 5 ஆண்டுகளில் 1,46,933 ரூபாய் ஆகும். 'பிஏ டூ பிளஸ்' கால்குலேட்டரில் ஓர் ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற 'பி/ஒய்' அமைப்பு 1-க்குப் பதில் 12-ல் இருந்தால், 5 ஆண்டை 5 மாதமாக எடுத்துக்கொண்டு 1,03,378 ரூபாய் என்று காட்டிவிடும்!

அதேபோல் 2+3×4 என்று அழுத்தினால் 'செயின்' முறையில் 20 வரும். பெருக்கலை முதலில் செய்யும் 'ஏஓஎஸ்' முறைக்கு மாற்றினால்தான் சரியான விடையான 14 கிடைக்கும்.

சிஎஃப்ஏ முதல் நிலையில் மொத்தம் 180 கேள்விகள், நான்கரை மணி நேரம். சராசரியாக ஒரு கேள்விக்கு 90 விநாடிதான். பட்டனைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

தேர்வுக்கு முன் செக் பண்ணுங்க

* படிக்கத் தொடங்கும் நாளிலேயே வாங்கி, தேர்விலும் அதையே பயன்படுத்துங்கள்.

* ஆர்டர் போடும் முன் மாடல் பெயரை, தேர்வு நடத்தும் அமைப்பின் தற்போதைய பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

* ரீசெட் செய்தால் நீங்கள் மாற்றிய செட்டிங்ஸும் போய்விடும். மீண்டும் அமைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

* தேர்வுக்குச் சில வாரங்களுக்கு முன்பே பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கால்குலேட்டர் பாஸ் போட்டுத் தராது. ஆனால், தப்பான கால்குலேட்டர் மாதக்கணக்கான உழைப்பை ஒரே நாளில் வீணாக்கிவிடும்.