பரங்கிக்காய் சிரிக்கிறது!

பரங்கிக்காய்க்குக் கண் உண்டு. மூக்கு உண்டு. கோரைப் பல்லும் உண்டு! இரவில் அது நெருப்பாய்ச் சிரிக்கும்.

அமெரிக்காவில் அக்டோபர் 31-ந் தேதி இரவு வீட்டு வாசல்களில் காணும் காட்சி இது. அன்று "ஹாலோவீன்" பண்டிகை. பேய் வேஷம் போட்ட குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள்.

வெளிநாட்டில் குடியிருக்கும் அமெரிக்கர்கள் பலர் அங்கேயும் இதை விடுவதில்லை. அக்கம்பக்கத்தாரை அழைத்து, காய் செதுக்கும் விருந்து வைக்கிறார்கள்.

பிழைக்கப் போனவர்கள்

இந்தப் பழக்கமே பிழைக்கப் போனவர்கள் கொண்டுபோனதுதான். அயர்லாந்தில் முதலில் செதுக்கியது பரங்கிக்காய் அல்ல, டர்னிப் கிழங்கு! ஜாக் என்ற மகா கஞ்சன் சைத்தானையே ஏமாற்றினானாம். செத்த பிறகு அவனுக்குச் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. சைத்தான் எறிந்த நெருப்புத் துண்டைக் கிழங்குக்குள் வைத்துக்கொண்டு, இன்றும் இருட்டில் அலைகிறானாம்.

1845-ம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். மேலும் பல லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது அமெரிக்கா. அங்கே பரங்கிக்காய் ஏராளம். கிழங்கைவிடப் பெரியது, குடைவதும் சுலபம். கிழங்கு போய், காய் வந்தது!

பரங்கி, அமெரிக்கக் கண்டத்தின் காய். கடல் கடந்து வந்ததால்தான் தமிழில் அதற்கு அந்தப் பெயர்.

கத்தி ஜாக்கிரதை!

மேஜைமேல் பழைய பத்திரிகையை விரிப்பார்கள். காம்பைச் சுற்றி மூடிபோல் வெட்டவேண்டும். கத்தியைச் சாய்த்து வெட்டினால்தான் மூடி உள்ளே விழாது. விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டுவது குழந்தைகளின் வேலை. முழங்கை வரை பிசுபிசுப்பு, ஒரே கும்மாளம்! முகத்தை மையால் வரைவதும் அவர்களே. அறுப்பது மட்டும் பெரியவர்கள். கையை வெட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. விதை வீணாகாது, உப்புப் போட்டு வறுத்துக் கொறிப்பார்கள்.

உள்ளே மெழுகுவர்த்தி வைத்தால் வேஷத் துணியில் தீப்பிடிக்கலாம். இப்போது பலர் பேட்டரி விளக்கு வைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் திண்டாட்டம்

ஆஸ்திரேலியாவில் விருந்து வைப்பவர் பாடுதான் திண்டாட்டம். அங்கே அக்டோபர் வசந்தகாலம். பரங்கி அறுவடை முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். சமையலுக்கு விற்கும் சாம்பல் நிறக் காய், கல் மாதிரி. கத்தி வழுக்கும். தர்பூசணியைச் செதுக்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. முகம் சிவப்பாக ஒளி வீசும், அதுவும் அழகுதான். வெயிலில் செதுக்கிய காய் சீக்கிரம் அழுகும். ஆகவே முந்தின நாள் விருந்து வைப்பதே புத்திசாலித்தனம்.

அயர்லாந்திலும் இப்போது பரங்கிக்காய்தான்! பழைய டர்னிப் முகம் ஒன்றின் வார்ப்பு, அங்கே மேயோ மாவட்டத்தில் ஒரு பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. பரங்கிக்காயைவிட அதுதான் பயங்கரம்!