கையில் இல்லாத பொறி

திருப்பாதிரிப்புலியூரில் கல்லூரி மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' என்னும் செயலியை உருவாக்கியிருக்கிறார்களாமே, ஐயா! அதைக் கண்ணாலும் கண்டிராத நான் அதற்கு நிரல் எழுதிப் பழகுவது எங்ஙனம்?"

நியாயமான கேள்விதான். பேராசிரியர் காமகோடியின் தலைமையில் 2014-இல் தொடங்கிய அம்முயற்சி 2018-இல் சில்லாக உருப்பெற்றது. ஆயினும் நம் ஊர்க் கடைத்தெருவில் அது கிடைக்குமா?

விடை, 'கியூஎமு' என்னும் மென்பொருளில் இருக்கிறது. பிரான்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-இல் அதனை வெளியிட்டார். ஒருவகைப் பொறிக்கு எழுதிய கட்டளைகளை வேறொருவகைப் பொறியில் நடத்திக் காட்டுவது அதன் தொழில்.

முற்காலத்தில் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் கும்பினியாருக்கும் நம் வணிகருக்கும் இடையே துபாஷி நின்றார் அல்லவா? கியூஎமு அத்தகைய துபாஷியே. சக்திக்குரிய கட்டளைகளைப் பகுதி பகுதியாக எடுத்து, நம் வீட்டுக் கணிப்பொறியின் மொழியில் பெயர்க்கிறது. பெயர்த்ததைச் சேமித்தும் வைக்கிறது. அதே பகுதி மீண்டும் மீண்டும் வந்தால், முன்னர்ப் பெயர்த்ததையே எடுத்து நீட்டுகிறது. அதன் விரைவுக்குக் காரணம் இதுவே.

மொழி மட்டும் போதாது. செயலியைச் சூழ்ந்த உறுப்புகளும் வேண்டும். 2021-இல் சக்தியின் 'சி' வகைச் செயலியும், நேரங்காட்டியும், குறுக்கீடுகளை ஒழுங்குபடுத்தும் உறுப்பும், எழுத்துகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் தொடர்வழியும் கியூஎமுவில் சேர்க்கப்பட்டன. சிறு குடும்பந்தான். 'வணக்கம்' என்று திரையில் எழுதிப் பார்க்க அது போதும்.

கியூஎமுவின் மூலநிரலை எவரும் விலையின்றிப் பெற்றுப் படிக்கலாம், திருத்தலாம். சக்தியின் வடிவமைப்பும் அவ்வாறே திறந்து வைக்கப்பட்டது. பழைய விளையாட்டுப் பொறிகளைப் பாவனை செய்ய முயன்றவர்களுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை. மூடிய பொறியைத் தட்டித் தட்டி ஊகித்தே பலவற்றை அறிந்தார்கள். அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு!

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். நிரல் மெய்யான சில்லில் எத்தனை நொடியில் ஓடும் என்று இத்துபாஷியைக் கேட்கலாகாது. விடை சரியா என்பதை அவர் காட்டுவார். வேகத்தைச் சில்லில்தான் அளக்கவேண்டும்.

அம்மாணவி தம் தமையனாரின் பழைய மடிக்கணினியில் கியூஎமுவை நிறுவிக்கொண்டார். முதல் நாள் அவருடைய நிரல் வாய்திறக்கவில்லை. தொடர்வழியின் முகவரியில் ஓர் எண் பிழைத்திருந்தது. கியூஎமுவின் மூலநிரலைத் திறந்து, சரியான எண்ணைத் தாமே கண்டு திருத்திக்கொண்டார்.