தொலைபேசிக் கம்பியில் இரைச்சலும் வேகமும்

2005-ஆம் ஆண்டில் டில்லியில் மகாநகர் டெலிபோன் நிகம் 'டிரைபேண்ட்' என்னும் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபோது, பேச்சுக்கென இடப்பட்ட செப்புக் கம்பிகளே அதற்கும் பயன்பட்டன. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் முறையில் சைகைகள் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை, நூற்றுக்கணக்கான உட்தடங்களாகப் பிரிந்து செல்கின்றன. மத்திய அலை வானொலியும் இவ்வெல்லைக்குள் அடங்குவதால், அது குறுக்கிடுகிறது.

பிழையின்றிப் படிப்பதற்கு வேண்டிய அளவினும் சைகை எவ்வளவு மிகுந்துள்ளதோ, அதுவே இரைச்சல் விளிம்பு எனப்படும்; வழக்கமாக 6 டெஸிபெல். தொடர்பு அடிக்கடி அறுமாயின், முதலில் களிம்பேறிய பொருத்துகளைச் சீர்செய்தல் வேண்டும். பின்னரும் அறுமாயின், நிலையத்தில் விளிம்பை 9 டெஸிபெலாக உயர்த்தலாம். அப்போது ஒவ்வோர் உட்தடமும் ஏறக்குறைய ஒரு பிட் குறைவாகச் சுமக்கும். 400 உட்தடங்களில் வினாடிக்குச் சுமார் 1600 கிலோபிட் குறையும். எனினும், பாடத்தின் நடுவே அறுந்துபோகும் விரைவினும் அறாத மிதவேகமே பள்ளிக்குப் பயன் தருவதாகும்.