1866 சட்டம், 20,000 டாலர் கிராண்ட்: அமெரிக்கக் கறுப்பினத் தொழில்முனைவோருக்கு முதலீடு கிடைப்பது ஏன் இன்னும் இவ்வளவு கஷ்டம்?

அமெரிக்காவின் அட்லாண்டாவில் ‘ஃபியர்லெஸ் ஃபண்ட்’ என்றொரு முதலீட்டு நிறுவனம் இருக்கிறது. கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் கிராண்ட் தரும் ஒரு போட்டியை அது நடத்திவந்தது. 2023 ஆகஸ்டில் அதன் மீது வழக்கு வந்தது. ஒரு இனத்தவருக்கு மட்டும் பணம் தருவது பாகுபாடு என்பது வாதம். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற கணக்கில் போட்டியை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. போட்டி நிரந்தரமாக மூடப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், வழக்குக்குப் பயன்பட்ட சட்டம். அது 1866-ல் வந்த சிவில் உரிமைகள் சட்டம். அடிமை முறையிலிருந்து அப்போதுதான் விடுதலையான கறுப்பினத்தவருக்கு, வெள்ளையர்களைப் போலவே ஒப்பந்தம் போடும் உரிமையைக் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. அதே சட்டம் 158 வருடம் கழித்து, கறுப்பினப் பெண்களுக்கான ஒரு உதவித்தொகையை நிறுத்தியிருக்கிறது.

இது நியாயமா, இல்லையா? பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் எண்களையும், நிறைய வரலாற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்கள் என்ன சொல்கின்றன?

- அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 14%.
- சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் தொழில்களில் அவர்களுக்குச் சொந்தமானவை, 2022 கணக்குப்படி, சுமார் 3%.
- 2023-ல் வென்ச்சர் கேபிட்டல் பணத்தில் கறுப்பின நிறுவனர்களுக்குப் போனது 0.5%-க்கும் குறைவு.
- 2022-ல் ஒரு நடுத்தர வெள்ளையின குடும்பத்தின் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு சுமார் 44,900 டாலர்.

முதல் மூன்று எண்களைப் புரிந்துகொள்ள நான்காவதுதான் சாவி. ஸ்டார்ட்அப் தொடங்கியவர்களுக்கு இது தெரியும். முதல் பணம் முதலீட்டாளரிடமிருந்து வராது. சேமிப்பு, அப்பாவின் பி.எஃப்., மாமா கொடுக்கும் கைமாற்று, வீட்டை அடமானம் வைத்து எடுக்கும் லோன், இதெல்லாம்தான் முதல் பணம். குடும்பத்தில் சொத்து ஆறில் ஒரு பங்குகூட இல்லையென்றால், ஓட்டப்பந்தயம் தொடங்கும்போதே பின்னால்தான் நிற்க வேண்டும்.

சரி, அந்தச் சொத்து எங்கே போனது? மூன்று சம்பவங்களைப் பார்க்கலாம்.

1. சேமித்த பணம்: 1865–1874

1865 மார்ச்சில் அதிபர் லிங்கன் கையெழுத்தில் ‘ஃப்ரீட்மேன்ஸ் சேவிங்ஸ் பேங்க்’ உருவானது. விடுதலையான அடிமைகளும், கறுப்பினப் படைவீரர்களும் கூலிப் பணத்தைச் சேமிப்பதற்கான வங்கி. அரசே பின்னால் நிற்பதாக மக்கள் நம்பினார்கள். உண்மையில் அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆரம்பத்தில் டெபாசிட் பணத்தை அரசுப் பத்திரங்களில் மட்டுமே போட முடியும். 1870-ல் விதி தளர்த்தப்பட்டது. நிதிக் குழுத் தலைவராக இருந்த ஹென்றி குக், தன் அண்ணன் நடத்திய நிறுவனம் உட்படப் பல இடங்களுக்குப் பணம் போக வழிசெய்தார். 1873-ல் பொருளாதார நெருக்கடி வந்தது, அண்ணனின் நிறுவனம் கவிழ்ந்தது. வங்கியைக் காப்பாற்ற 1874-ல் ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவராக்கினார்கள். முன்னாள் அடிமையான அந்தப் புகழ்பெற்ற பேச்சாளர் தன் சொந்தப் பணம் 10,000 டாலரையும் உள்ளே போட்டார். பலனில்லை. சில மாதங்களில் வங்கி மூடப்பட்டது.

61,000-க்கும் மேற்பட்டோரின் சுமார் 30 லட்சம் டாலர் சிக்கிக்கொண்டது. பலருக்குப் பல வருடம் கழித்து ஒரு பகுதி கிடைத்தது. மற்றவர்களுக்கு எதுவுமே இல்லை. விடுதலைக்குப் பின் வந்த முதல் தலைமுறையின் முதல் சேமிப்பு இது.

2. கட்டிய தொழில்: டல்சா, 1921

இதற்குப் பிறகும் தொழில்கள் வளர்ந்தன. துணி வெளுக்கும் வேலை செய்த சாரா பிரீட்லவ், ‘மேடம் சி.ஜே. வாக்கர்’ என்ற பெயரில் கூந்தல் பராமரிப்புப் பொருட்கள் விற்று, இண்டியானாபொலிஸில் தொழிற்சாலை கட்டினார். ரிச்மண்டில் 1903-ல் மேகி லீனா வாக்கர் ஒரு வங்கியே தொடங்கினார். வங்கிக்கு உரிமம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண் அவர்தான்.

ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற பகுதியே ‘பிளாக் வால் ஸ்ட்ரீட்’ என்று பெயர் வாங்கியது. வெள்ளையர் கடைகளில் கறுப்பினத்தவருக்கு மரியாதை கிடையாது. அதனால் ஹோட்டல், தியேட்டர், டாக்டர், வக்கீல், பத்திரிகை எல்லாமே அவர்களுக்குள்ளேயே உருவாயின. சம்பாதித்த பணம் அங்கேயே சுற்றியது.

1921 மே 31. லிஃப்டில் ஒரு வெள்ளையினப் பெண்ணைத் தாக்கினான் என்ற குற்றச்சாட்டில் ஒரு கறுப்பின இளைஞன் கைதாகியிருந்தான். அன்றிரவு தொடங்கி ஜூன் 1 வரை வெள்ளையினக் கும்பல் கிரீன்வுட்டைச் சூறையாடி எரித்தது. சுமார் 35 பிளாக்குகள், 1,200-க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 36 பேர். 300 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு.

அடுத்து நடந்ததுதான் நம் கேள்விக்கு முக்கியம். இன்ஷூரன்ஸ் இருந்தவர்கள் க்ளெய்ம் போட்டார்கள். நிறுவனங்கள் மறுத்தன. பாலிசியில் ‘கலவரத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பல்ல’ என்று ஒரு விதி இருந்தது. கிரீன்வுட்டில் கட்டடங்கள் வைத்திருந்த வில்லியம் ரெட்ஃபர்ன் என்ற வெள்ளையரே வழக்குப் போட்டும், மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். நடந்ததற்கு ‘டல்சா கலவரம்’ என்றே பல பத்தாண்டுகள் பெயர். அதைப் ‘படுகொலை’ என்று அழைக்க வேண்டும் என இன்று வலியுறுத்துவது வெறும் சொல் சண்டை அல்ல. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு ஊரின் மொத்த இழப்பீடு விலையாகப் போயிருக்கிறது.

மாநில ஆணையம் அறிக்கை கொடுத்தது 2001-ல். உயிரோடிருந்த கடைசி சில சாட்சிகள் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2024 ஜூனில். ஃபியர்லெஸ் ஃபண்ட் தீர்ப்பு வந்த அதே மாதம்.

3. வாங்க முடியாத வீடு: 1930-கள்

பெருமந்தத்தின்போது அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் அமைப்பு 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. ஏரியாவாரியாக ஏ முதல் டி வரை கிரேடு. ‘டி’ என்றால் ஆபத்து, சிவப்பு நிறம். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில்தான் வந்தன. அரசு உத்தரவாதத்துடன் வந்த குறைந்த வட்டி வீட்டுக்கடன்களும் அந்தப் பகுதிகளைத் தவிர்த்தன. இதற்குப் பெயர் ‘ரெட்லைனிங்’. வீடு வாங்குவதில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் வர 1968 ஆகிவிட்டது.

உங்கள் சிபில் ஸ்கோர் நன்றாக இருக்கிறது, ஆனால் நீங்கள் வசிக்கும் தெருவைப் பார்த்து லோன் மறுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு வாங்க முடியாது. வீடு இல்லையென்றால் தொழில் கடனுக்கு ஈடு கிடையாது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் எதுவும் இருக்காது. அந்த 44,900 டாலர் இப்படித்தான் வருகிறது.

2020-க்குப் பிறகு என்ன மாறியது?

ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் நிறுவனங்கள் வரிசையாக வாக்குறுதி கொடுத்தன. கடை அலமாரிகளில் 15% இடத்தைக் கறுப்பினத்தவரின் தயாரிப்புகளுக்கு ஒதுக்கக் கோரும் ‘ஃபிஃப்டீன் பர்சென்ட் பிளெட்ஜ்’ இயக்கத்தை ஆரோரா ஜேம்ஸ் தொடங்கினார், செஃபோரா சேர்ந்தது. கறுப்பினத்தவர் நடத்தும் நிதி நிறுவனங்களுக்கு 10 கோடி டாலர் வரை மாற்றுவதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. கறுப்பினத் தொழில்களிடம் 200 கோடி டாலர் செலவிடுவதாக டார்கெட் சொன்னது.

பிறகு காற்று திசைமாறியது. 2024 மார்ச்சில், சிறுபான்மைத் தொழில்களுக்காக 1969-ல் தொடங்கப்பட்ட அரசு அமைப்பு எல்லா இனத்தவருக்கும் சேவை தர வேண்டும் என்று டெக்சாஸில் ஒரு ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2025 ஜனவரியில் டார்கெட் தன் பன்முகத்தன்மை இலக்குகளை முடித்துக்கொண்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சட்டம் நிறம் பார்க்கக் கூடாது, ஏழை வெள்ளையருக்குக் கிடைக்காத ஒன்று பணக்காரக் கறுப்பினத்தவருக்குக் கிடைக்கலாமா என்கிறார்கள். பதில் தரப்பு சொல்வது இது: பணத்தைப் பறிக்கும்போது நிறம் பார்த்தார்கள், திருப்பித் தரும்போது மட்டும் பார்க்கக் கூடாதா?

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. ஜோதிராவ் பூலே 1873-ல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யை, அடிமை ஒழிப்புக்கு உழைத்த அமெரிக்கர்களுக்கே சமர்ப்பித்தார். 1946-ல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவின் ‘சப்ளையர் டைவர்சிட்டி’ கொள்கையைப் பார்த்துத்தான் இங்கும் தலித் தொழில்முனைவோர் அதே கோரிக்கையை வைத்தார்கள். இன்று மத்திய அரசின் கொள்முதலில் 4% எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரின் சிறு, குறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35% மூலதன மானியம் தருகிறது. ‘தகுதி மட்டும் போதாதா?’ என்ற கேள்வி இங்கும் ஆபீஸ் கேன்டீனில் தினம் கேட்பதுதானே?

நீங்கள் என்ன செய்யலாம்?

பிப்ரவரியில் உங்கள் அமெரிக்க கிளையன்ட் ‘பிளாக் ஹிஸ்டரி மன்த்’ மெயில் அனுப்பினால், டெலீட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம். அதன் தொடக்கம் வரலாற்றாசிரியர் கார்ட்டர் ஜி. வுட்சன் 1926-ல் ஆரம்பித்த ஒரு வாரக் கொண்டாட்டம். அவருடைய பெற்றோர் முன்னாள் அடிமைகள்.

- ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ‘மேப்பிங் இன்ஈக்வாலிட்டி’ தளத்தில் ரெட்லைனிங் வரைபடங்கள் இலவசமாக இருக்கின்றன. ஆன்சைட் போகும் நகரத்தைத் தேடிப் பாருங்கள்.
- வங்கிகளின் கதைக்கு மெர்சா பராதரன் எழுதிய ‘தி கலர் ஆஃப் மணி’ நல்ல தொடக்கம்.
- அமெரிக்காவில் இருப்பவர் என்றால், ஒரு நாள் ஷாப்பிங்கைவிட வழக்கமான வாடிக்கையாளராக இருப்பது பெரிய உதவி. சிறு தொழிலுக்கு ஒருமுறை வரும் பெரிய ஆர்டரைவிட மாதாமாதம் வரும் ஆர்டர் முக்கியம். அதைக் காட்டித்தான் லோன் வாங்க முடியும்.
- வெண்டார் தேர்வில் உங்களுக்குப் பங்கு இருந்தால், ஷார்ட்லிஸ்டில் யாரெல்லாம் இல்லை என்று ஒருமுறை கேளுங்கள். இந்தக் கேள்வியை அட்லாண்டாவிலும் கேட்கலாம், அம்பத்தூரிலும் கேட்கலாம்.